வைட்டமின் சாப்பிட்டியா?

கலிபோர்னியாவில் படிக்கப் போன புதிதில், கருத்தடை மாத்திரை கேட்டு கல்லூரி ஹெல்த் சென்டருக்குப் போனேன். கொளுத்துகிற வெயிலில் தலையை மூடிய ஹூடி, கறுப்புக் கண்ணாடி. யார் கண்ணிலும் படக்கூடாது என்று போட்ட வேஷம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால் காட்ட, ரூம்மேட்டிடம் ஒரு மோதிரம் இரவல் வாங்கியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டென்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1972-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். மோதிரம்தான் கழற்ற வரவில்லை.

கவுன்ட்டரில் "என்ன பிரச்சினை?" என்றார்கள். பின்னால் நின்ற பையன் தமிழா தெலுங்கா என்று தெரியவில்லை. எதற்கு வம்பு, "தலைவலி" என்று சொல்லிவைத்தேன்.

வினை அங்கேதான். உள்ளே போய் நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொன்னதும், அவர் அந்தத் தலைவலியைப் பிடித்துக்கொண்டார். வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி தெரியுமா? கை மரத்துப் போகுமா? அந்த வகை மைக்ரேன் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை தரமாட்டார்களாம், பக்கவாத அபாயம். "தலைவலியே இல்லைங்க, சும்மா சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டேன். அப்போது நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

பிரஷர் பார்த்தார். எகிறியிருந்தது. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். நான் பயந்திருந்த உள்பரிசோதனை இந்த மாத்திரைக்குத் தேவையே இல்லையாம். முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தது வீண்.

கார்டு தேய்த்தால் அப்பாவுக்கு மெசேஜ் போகுமே என்று ரொக்கமாக எடுத்துப் போயிருந்தேன். ஒபாமா காலத்துச் சட்டத்தின் புண்ணியத்தில் இன்ஷூரன்ஸே பார்த்துக்கொண்டது, காசே வாங்கவில்லை. அந்த ரொக்கம் சாயங்காலமே பீட்சாவாகிவிட்டது.

"வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டுக்கேட்டு அந்த அம்மாளைப் படுத்தி எடுத்தேன். நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம் என்றார். சிக்கல் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான். 26 வயதுவரை பெற்றோர் இன்ஷூரன்ஸில் இருக்கலாம்; ஆனால் சிகிச்சை விவரச் சீட்டு பாலிசிக்காரரான அப்பா பெயருக்குப் போய்ச் சேரலாம். எனக்கே நேரடியாக அனுப்புங்கள் என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள கலிபோர்னியாவில் சட்டம் இடம் தருகிறது. என் பாலிசியோ என் பெயரிலேயே இருந்தது. சென்னைக்குத் தபால் அனுப்ப அங்கே யாரும் மெனக்கெடவில்லை.

ரகசியத்தை உடைக்க நான் ஒருத்தி போதாதா?

தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டுமே என்று போனில் அலாரம் வைத்தேன். வெறும் அலாரம் வைத்தால் போதாதா, 'டேப்லெட்' என்று பெயரும் வைத்தேன். அம்மாவோடு வீடியோ காலில் இருந்தபோது அது அடித்தது. ஸ்க்ரீன் ஷேர் வேறு ஆனில் இருந்தது.

"என்னடி மாத்திரை?"

"வைட்டமின்மா."

அன்றிலிருந்து தினமும் "வைட்டமின் சாப்பிட்டியா?" என்று அம்மாவே கேட்கிறாள். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. "உன் முகமே தெளிஞ்சிருச்சுடி, ஊருக்கு வரும்போது சித்திக்கும் ரெண்டு டப்பா வாங்கிட்டு வா" என்று உத்தரவும் வந்துவிட்டது.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். சித்திக்குத் தோதான நிஜ வைட்டமின் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்களேன்.