ஒரிஜினல் லெதர், கியாரண்டி கிடையாது

திருத்தணி வெயிலில் செல்போன் உறை ஒன்று உரிய ஆரம்பித்துவிட்டால் அதைத் தடுக்க முருகனாலும் ஆகாது. முதலில் மடிப்போரத்தில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு. அப்புறம் கறுப்புத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து பாதி கன்னத்தில் ஒட்டும், மீதி சட்டைப் பையின் அடியில் தங்கும். உள்ளே இருந்து வெள்ளை வலைத்துணி பல்லை இளிக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்க வந்த கையோடு 200 ரூபாய் கொடுத்து வாங்கியது விநாயகர் சதுர்த்தியைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். செல்போனுக்கு நல்ல தோல் உறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே விஷயம். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கணக்கு கொஞ்சம் இருக்கிறது.

விற்பவர் பேசும் வசனம் மூன்றே சொல்: ஒரிஜினல் லெதர் சார். வாங்க வந்தவர் ஆந்திரத்து நகரி, புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தால் ‘சார்’ இருந்த இடத்தில் ‘அண்டி’ வந்து உட்காரும், மற்றபடி மாற்றமில்லை. எல்லைக்காக ம.பொ.சி. போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரெக்சினை லெதர் என்று விற்பதில் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னும் ஒரே மாநிலம்தான். சந்தேகப்பட்டுப் பார்த்தால் உடனே லைட்டர் வெளியே வரும். உறையின் முதுகில் சுடரை ஒரு விநாடி ஓட்டிவிட்டு, “பாருங்க, எரியுதா?” என்பார். ஒரு விநாடிச் சுடருக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் அசைந்து கொடுக்காது. அந்த வேகத்தில் நம் விரலையே ஓட்டலாம். பார்க்க வேண்டியது வெட்டிய ஓரத்தை. அசல் தோலின் ஓரம் நார்நாராகத் தெரியும், ஏனென்றால் தோல் என்பதே பின்னிக் கிடக்கும் கொலாஜன் இழை. போலியில் அடியில் துணி, மேலே பாலியூரித்தேன் பூச்சு என்று அடுக்கு தெரியும். அது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதையும். ஈரத்துக்கு நம் வியர்வை, சூட்டுக்குத் திருத்தணி. அப்புறம் உரியாமல் என்ன செய்யும்?

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், தோலுக்குப் பஞ்சமான சீமையில் நாம் குடியிருக்கவில்லை. சோளிங்கர் வழியாகப் போனால் ராணிப்பேட்டை. அதைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கமாகவே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே ரயிலேறினால் சென்னைப் பெரியமேட்டில் தோல் வியாபாரம், அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட காலத்திலேயே இந்தப் பக்கத்துத் தோல் கப்பலேறியது. பிறகு குரோமிய உப்பு வந்தது. பதனிடும் வேலை சீக்கிரம் முடிந்தது, கழிவின் கதை முடியவில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டு, வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தண்ணீர் கெட்டது நமக்கு, ஷூ போனது ஐரோப்பாவுக்கு, கடைசியில் நம் கைக்கு வந்து சேர்வது ரெக்சின் மூடி. இதற்குப் பெயர் ஏற்றுமதி வளர்ச்சி.

சரி, ஆம்பூருக்கே போய் அசல் தோலில் வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். தீராது. அசல் தோலின் பெருமை அது உழைக்கும் என்பது. நல்ல பெல்ட் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை இடுப்பிலும் நிற்கும், கையெண்ணெய் ஏற ஏற மெருகும் கூடும். ஆனால் இந்த உறை கட்டிக்கொண்டிருக்கும் சாமானின் ஆயுசு மூன்று நான்கு வருஷம். அடுத்த மாடலில் ஒற்றைக் கேமரா மூன்றாகும், பொத்தான் பக்கம் மாறும், அகலம் ஒரு நூல் கூடும். தோல் கெடவே கெடாது, மாட்டத்தான் இடம் இருக்காது. இருபது வருஷம் உழைக்கும் பொருளில் நாலு வருஷச் சாமானுக்குச் சட்டை தைப்பதைத் தரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆப்பிள் நிறுவனமே 2023 செப்டம்பரில் தோல் உறைக்கு முழுக்குப் போட்டுவிட்டது. சுற்றுச்சூழல்தான் காரணம் என்றார்கள். அதற்கு மாற்றாக இறக்கிய நெய்த துணி உறையில் கீறலும் அழுக்கும் ஏறி ஊரே சிரித்தது. அடுத்த வருஷப் போனுக்கு அந்த உறையும் இல்லை.

இந்த இடத்தில் மூடியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நம்மூரில் தோல் உறை என்றால் மூடி போட்ட ஃபிளிப் கவர்தான், மூடியில்லாததை யாரும் தோல் என்று மதிப்பதில்லை. போன் அடிக்கிறது. முதலில் காந்தத்தைப் பிரிக்க வேண்டும். மூடியைப் பின்பக்கம் மடக்கினால் கைக்கு அடங்காமல் தடிக்கும். மடக்காமல் விட்டால் பேசப் பேசக் காதோரம் யானைக் காது போல ஆடும். மயிலுக்குப் பதில் ஐராவதத்தை முருகனுக்கு முன்னால் நிறுத்தியிருக்கும் ஊர் என்பதால் இங்கே அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பைக்கில் போகிறவர் போனை ஹெல்மெட்டுக்குள் செருகினால் மூடி வெளியே நின்று காற்றில் படபடக்கும். படம் எடுத்தால் தொங்கி வந்து ஃபிளாஷை மறைக்கும், தேர் பாதியும் இருட்டுப் பாதியுமாகப் படம் விழும். காந்தம் திசைகாட்டியைக் குழப்பும், அரக்கோணம் ரோட்டில் நிற்பவரை நகரியைப் பார்த்து நிற்பதாக மேப் காட்டும். இதெல்லாம் சின்ன விஷயம். மூடியின் உள்பக்கம் ஒரு பாக்கெட் இருக்கிறதே, அதுதான் விஷயம். ஏ.டி.எம். கார்டு வைக்கவாம். கார்டு மட்டும் வைத்த மனிதர் உண்டா? கார்டுக்குப் பின்னால் ஆதார் நகல், நகலுக்குப் பின்னால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதற்கும் பின்னால் நாலாய் மடித்த மருந்துச் சீட்டு, அவசரத்துக்கென்று ஒரு பத்து ரூபாய்த் தாள், போன மாதத்துப் பஸ் டிக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விபூதிப் பொட்டலம். இப்போது மூடி மூடாது. காந்தம் கைவிட்டதும் ரப்பர் பேண்ட் வரும். மறுபடி போன் அடிக்கும்போது ரப்பர் பேண்டைக் கழற்றுவதற்குள் அது மிஸ்டு கால் ஆகிவிடும். திருப்பிக் கூப்பிடத் திறந்தால் விபூதி கொட்டி ஸ்பீக்கர் துளையை அடைக்கும். அதற்கப்புறம், “சத்தமா பேசுங்க, சரியா கேக்கல!” பேசுவதற்கென்று வாங்கிய சாமான், பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. திருடனுக்கும் வேலை மிச்சம். முன்பெல்லாம் பர்ஸைத் தனியாக, போனைத் தனியாக அடிக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, அந்த ரப்பர் பேண்ட்... வேண்டாம், விடுங்கள்.

கீழே விழுந்தால் காப்பாற்றுமே என்று உறையின் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விழுகிற போன் பெரும்பாலும் மூலையில்தான் அடி வாங்கும். அங்கே அடியைத் தாங்குவது மூடிக்கு உள்ளே போனைக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம். மேலே ஒட்டிய தோலுக்கு அதில் பங்கு சொற்பம். சில பெட்டிகளில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று வேறு அச்சடித்திருக்கும். அமெரிக்க ராணுவத்தின் 810ஜி தரக்குறிப்பில் சொல்லியிருக்கும் விழுகைச் சோதனை நாலடி உயரத்திலிருந்து 26 முறை. விழும் தரை, கான்கிரீட்டின் மேல் விரித்த இரண்டு அங்குல பிளைவுட். திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை நடக்கும், கற்பூரம் எரியும், தேங்காய் உடையும். பிளைவுட் மட்டும் யாரும் விரித்து வைப்பதில்லை.

போதாததற்குச் சூடு. 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் போனைப் பயன்படுத்து என்கிறது ஆப்பிள். சார்ஜ் ஏறும்போது சூடானால் உறையைக் கழற்று என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மே மாதம் திருத்தணியில் 40 டிகிரியைத் தாண்டுவது நாளிதழில் கட்டம் கட்டிப் போடும் செய்திகூட அல்ல. அந்த வெயிலில் போனுக்குக் கனத்த தோல் சட்டை போட்டு, பட்டன் போட்டு, ரப்பர் பேண்டும் கட்டி, அதைச் சட்டைப் பையில் நம் உடம்புச் சூட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு, “பேட்டரி நிக்கவே மாட்டேங்குது” என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

மிச்சமிருப்பது ஆசாரக்காரர்களின் ஆட்சேபம்: மலைக்குத் தோலைக் கொண்டு போகலாமா? சந்நிதியில் முழங்கும் தவிலின் இரண்டு பக்கமும் தோல்தான், சுவாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுவுமில்லாமல் 2022 டிசம்பர் 2 அன்று, திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டுவிட்டது. போனே உள்ளே போகக் கூடாது என்றால் உறையின் ஆசாரம் தானாகத் தீர்ந்தது. ஒருவேளை தோஷம் என்று ஒன்று இருந்தாலும் கவலையில்லை. 200 ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பதில் எந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கடைக்காரர் நம்மை அந்தப் பாவத்திலிருந்து தினமும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் தோலும் செல்போனும் சேராத ஜோடி என்றுதான் விடை வருகிறது. தோல் வேண்டுமென்றால் செருப்பு வாங்குங்கள், அதற்குக் கேமரா ஓட்டை வேண்டாம். போன் உடையக் கூடாதென்றால் ஓரம் தூக்கிய ரப்பர் உறை போதும். வெயிலில் மஞ்சளடித்து அவலட்சணமாகும்தான், ஆனாலும் தன்னை வேறொன்றாகச் சொல்லிக்கொள்ளாது. என்ன எழுதினாலும் நாம் மூடி போட்டதைத்தான் வாங்கப் போகிறோம், பாக்கெட் இருக்கிறதே! ஆகவே விற்பவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: ரெக்சின் என்றே சொல்லிக் கொடுங்கள். அதே 200 ரூபாயைக் கொடுத்துத்தான் வாங்கப் போகிறோம், லைட்டர் கேஸாவது உங்களுக்கு மிச்சமாகும்.