எஜமான் டீமை எதுத்து ஆடப் போறவனுக்கு

ஏலே மருமவனே, ஞாயித்துக்கெழம உங்க மேனேஜர் டீமோட ஆடப் போறியாமே. அதுக்கு 'எஸ்கேப் டு விக்டரி' பாத்து ரோஷம் ஏத்திக்கிட்டு இருக்கியாம். நல்ல காரியம். 1981ல வந்த படம். ஜெர்மன்காரன்ட்ட புடிபட்ட கைதிக பாரிஸ்ல அவன் டீமோடயே ஃபுட்பால் ஆடுதானுவ. படிக்கதுதான் படிக்கே, ஒழுங்காப் படி.

கேப்டன் மைக்கேல் கெய்னைப் பாத்தியா? முகாம்ல கஞ்சி குடிக்கவன் மாதிரியா இருக்கான்? கல்யாண வீட்டுல மூணு பந்தி பாத்தவன் மாதிரில்லா இருக்கான். ஆனா வெவரமானவன். எதிரி ஆடக் கூப்பிட்டதும் பொங்கல. சாப்பாடு, பூட்ஸெல்லாம் பேசிட்டுத்தான் சரின்னான். நீயும் மொதல்ல பிரியாணியப் பேசு.

ஸ்டாலோன் ஆட்டம் தெரியாத அமெரிக்காக்காரன். அவனைக் கோலியா நிறுத்தணுமின்னு, இருந்த கோலிக்குக் கூட்டாளிகளே கையை ஒடிச்சி வுடுதானுவ. உன் டீம்லயும் எவனாவது 'கையக் கொஞ்சம் காட்டு மச்சான்'னா நிக்காத, ஓடிரு.

பாதி ஆட்டத்துல 4-1னு பின்தங்கிக் கெடக்கானுவ. குளிக்க தொட்டிக்கு அடியில ஓட்டை போட்டு, தப்பிக்க வழி ரெடி. போவ வேண்டியதான? 'ஜெயிச்சிரலாம்'னு திரும்பி வாரானுவ! வெளங்காத பயலுவன்னுதான் நானும் வஞ்சேன். அப்பறம் விலாவுல அடிபட்ட பெலே, ஒரு கையை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு வந்து, அந்தரத்துல மல்லாந்து ஒரு உதை விட்டான் பாரு... அதுக்காவ நானும் ஓட்டைக்குள்ள எறங்கிருக்க மாட்டேன். கடைசில 4-4. ஸ்டாலோன் பெனால்டியப் புடிச்சதும் சனம் மைதானத்துல பாஞ்சி, கூட்டத்தோட கூட்டமா எல்லாரையும் வெளிய கொண்டு போயிருது. ஜெயிச்சா எஜமானுக்குக் கோவம், தோத்தா டிக்கெட் எடுத்தவனுக்குக் கோவம். படக்காரனுக்குச் சொல்லியா குடுக்கணும்?

இதே மாதிரி ஜெர்மன்காரனை எதுத்துக் கீவ்ல நெசமா ஆடுனவனுவளுக்கு இந்த நெளிவு சுளிவு தெரியல. ரொட்டி ஃபாக்டரில வேலை பாத்த பயலுவ. 1942 ஆகஸ்ட் 6ல ஜெர்மன் பீரங்கிக்காரன் டீமை 5-1னு அடிச்சானுவ. அவமானத்தைத் தீக்கதுக்கு அவன் 9ஆம் தேதி மறுபடியும் கூப்பிட்டான், அன்னைக்கும் 5-3. மைதானத்துலயே சுட்டுட்டான்னு சோவியத்துக்காரன் கதை கட்டுனான். அப்பிடி இல்ல. அடுத்த வாரம் இன்னொரு மேட்சும் ஆடி, 8-0னு ஜெயிச்சானுவ. பொறவுதான் கெஸ்டபோ வந்து புடிச்சிது. கோலி ட்ருசெவிச்சையும் இன்னும் ரெண்டு பேரையும் 1943 பிப்ரவரில முகாம்ல சுட்டானுவ.

இதே மாதிரிக் கதைய ஹங்கேரிக்காரன் ஸோல்டான் ஃபாப்ரி 1961லயே எடுத்துட்டான். அதுல கூட்டமும் வராது, பெலேயும் கெடையாது; கைதிக ஜெயிக்கப் போறப்பவே சுட்டுருதான். அதையும் பாரு. ஞாயித்துக்கெழம முடிஞ்ச பொறவு பாரு.