ஒரு லோடு ரப்பீஸ்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சினிமாவில் அதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். நான் யார் மிரட்டலுக்கும் காத்திருக்காமல் இங்கேயே பிறந்துவிட்டவன்.

அதனாலேயே தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு அத்தாரிட்டி என்று நினைப்பு. திருச்சியிலிருந்து வந்த மச்சானிடம் சொம்பை நீட்டி, "குடிச்சுப் பாருங்க, எங்க ஊர்த் தண்ணி ருசியே தனி" என்றேன். மனுஷன் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "ஆமா மாப்ள, எங்க ஊர்த் தண்ணி ருசியே தனிதான்" என்றார். திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிற தண்ணீராம். பில் கட்டுகிற எனக்குத்தான் தெரியவில்லை.

வைகை கடலில் கலக்கிறது என்று மகளுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்தேன். அது முதலில் வந்து சேருவது எங்கள் பெரிய கண்மாயில், மிஞ்சினால்தான் கடலுக்கு. அந்தக் கண்மாய்க்குள்தான் நான் பைக் ஓட்டப் பழகினேன். அவ்வளவு தண்ணீர்!

2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 2011ல் கட்டிய என் வீட்டிலும் மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. குழியை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டேன். மழைநீர் இன்றுவரை ஸ்கூட்டர் சீட்டில் சேகரமாகிறது.

அப்பத்தா காலத்தில் ஊருணிக்குள் செருப்போடு யாரும் இறங்க முடியாது. குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, குடத்தைக்கூடக் கலக்காமல் முக்க வேண்டும். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை வெட்டும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் போகணும். எங்கள் வீட்டு ஆள் நான். வருஷம் தவறாமல் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

வீடு கட்டி மிஞ்சிய ரப்பீஸை ஒரு லோடு அதே வரத்துக்காலில் கொட்டியபோது மட்டும் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசி மழையில் ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் என் ஹாலுக்கு வந்தது. அட்ரஸ் கொடுத்ததே நான்தானே!

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் மண்வெட்டியோடு இறங்கினேன். மூன்றாவது வெட்டில் 'டணார்' என்றது. புதையல் என்று குனிந்தால், எங்கள் வீட்டு பாத்ரூம் டைல்ஸ். நீலக் கலரில் மீன் படம் போட்டது.

அந்த வரத்துக்காலில் மீனைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!