குறைவாகப் பூசுங்கள், நிறைய வாங்குங்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், அலுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வல. வழிநெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகுக் கொடியையும் ஏலச் செடியையும் சுற்றிக்காட்டுவார்கள். சுற்று முடிவது மூலிகைக் கடையில். முகச்சுருக்கத்துக்குச் சந்தனக் களிம்பு, வறண்ட தோலுக்குக் கற்றாழை, வேண்டாத முடிக்கு வேறொன்று. களிம்பு தேவைப்படாத இடமே உடம்பில் இல்லை.

“தோலுக்குக் குறைவாகவே பூசுங்கள்” என்ற புது ஞானம் வந்ததும் களிம்பு வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்தவருக்கு வியாபாரம் தெரியாது.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற வெளுப்புக் களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஹிந்துஸ்தான் லீவர். 2020இல் அது குளோ அண்ட் லவ்லி ஆயிற்று. அதே ஆண்டு ஜெய்ப்பூரில் ‘மினிமலிஸ்ட்’ என்றொரு தோல் பராமரிப்பு நிறுவனம் பிறந்தது. 2025 ஜனவரியில் அதை 2,955 கோடி இந்திய ரூபாய் என மதிப்பிட்டு, 90.5 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது யார் தெரியுமா? இன்று ஹிந்துஸ்தான் யூனிலீவர் எனப்படும் அதே கம்பெனி. எளிமைக்கு இத்தனை விலை உண்டென்று துறவிகளுக்கே தெரியாமல் போய்விட்டது! மினிமலிஸ்டில் நியாசினமைடுக்கு ஒரு குப்பி, சாலிசிலிக் அமிலத்துக்கு இன்னொன்று, ரெட்டினாலுக்கு மற்றொன்று. குறைத்தாயிற்று.

தோல் மருத்துவர்களின் பட்டியல் சின்னது: மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். நான்காவதாக ஒன்று வேண்டும் என்று கை பரபரத்தால், லேபிள் இல்லாத வெளுப்புக் களிம்பை மட்டுமாவது தொடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.