'டிக்' மட்டும் வருகிறதா?

கேள்வி: நான் டூ வீலர் மெக்கானிக். முட்டுக்காட்டில் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டும் என் மச்சான், "பட்டனை அமுக்குனா டிக்குன்னு சத்தம் மட்டும் வருது மாமா" என்று போன் போடுகிறான். வைகையில் தண்ணீரையே எப்போதாவதுதான் பார்க்கிற நான் என்ன சொல்ல?
- ஒரு வாசகர், ஆரப்பாளையம்

பதில்: தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக்கு வருகிற அதே 12 வோல்ட் பேட்டரி, ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அங்கேயும். ரோடுதான் தண்ணீராகிவிட்டது!

முதலில் சீட்டைக் கழற்றி, பெட்ரோல் வாடை போகக் காற்றாட விடச் சொல்லுங்கள். ரிலேயை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பார்க்கும் நம்மூர் வித்தை அங்கே வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

பிறகு மல்டிமீட்டர். முழு சார்ஜில் சும்மா நிற்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். பட்டனை அமுக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், பேட்டரி போயிருக்கும் அல்லது மோட்டார் இறுகியிருக்கும். 12லேயே அசையாமல் நின்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை: ரிலே, கெட்டி வயர், எர்த் மூன்றையும் பாருங்கள். எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். முட்டுக்காட்டு உவர்நீர் பட்டால், போல்ட் மேலே பளபளவென்று இருக்கும். கழற்றினால் அடியில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கட்டும்.

வண்டி கவிழ்ந்ததா என்றும் கேளுங்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால், பிளக்கைக் கழற்றாமல் சுற்றக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.