இருபது லட்சம் தலைக்கு எங்கே போவோம்?

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். அழகர் மலையைவிட்டு இறங்கி மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வருவாரே, காலை எட்டரை மணிக்கு இந்த வழியில் டவுன் பஸ்ஸும் அப்படித்தான் வருகிறது. அழகருக்காவது தூக்கிவர ஆள் உண்டு. நாம் படிக்கட்டில் தொங்க வேண்டும்.

இதே வழியில் மெட்ரோ ரயில் விடலாம், வைகைக்கு அடியில் சுரங்கம் போடலாம், 11,368 கோடி ரூபாய் ஆகும் என்று திட்ட அறிக்கை எழுதினார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் தலை வேண்டுமாம். மதுரையில் தலை குறைகிறதாம்.

எந்தக் கணக்கில்? 2011 கணக்கில். 2021-ல் எண்ண வேண்டியவர்கள் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டுவிட்டு, ‘நீங்கள் போதாது’ என்கிறார்கள். பசுமலையில் ஷேர் ஆட்டோ டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாளே எட்டாம் வகுப்புப் பெண், அவள் பிறந்தது 2012-ல். தில்லியைப் பொறுத்தவரை அவள் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவளுக்கு ரயில் எதற்கு?

அதே 2011 கணக்கில் ஆக்ரா நகரமும் 16 லட்சத்தைத் தொடவில்லை. அதற்கு 2019-ல் ஒப்புதல் கிடைத்தது, 2024-ல் ரயிலே ஓடிவிட்டது. தாஜ்மகாலில் படுத்திருக்கும் இருவரையும் சேர்த்து எண்ணினாலும் 20 லட்சம் வராதே ஐயா!

ரயிலுக்குப் பதில் தனி வழியில் பஸ் விடுங்கள் என்று ஆலோசனை வேறு. தில்லி நகரமே 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை அப்படி ஒரு வழி போட்டு, 2016-ல் பெயர்த்தெடுத்தது. அவ்வளவு அகலமான ரோட்டில் தோற்றதைச் சிம்மக்கல்லில் ஜெயிக்கச் சொல்கிறார்கள். சிம்மக்கல்லில் நடக்கிறவனுக்கே வழி இல்லை.

தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதுரையில் கல் கட்டடமாக எத்தனை வருஷம் ஆகும் என்று அதில் பார்த்தோம். ரயிலுக்கு அந்தக் கல்கூட இல்லை.

கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களிடமும் கேட்கிறேன். மெட்ரோவுக்குத்தான் தில்லியின் கையெழுத்து வேண்டும். எட்டரை மணிக்கு இன்னும் பத்து டவுன் பஸ் விட யார் கையெழுத்து வேண்டும்? 2021-லிருந்து ரயில் பெட்டியின் படத்தைக் காட்டியே காலம் போய்விட்டது. தில்லியைக் கண்டித்து ஆர்ப்பாட்டமும் நடத்தியாயிற்று. ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் டவுன் பஸ்ஸில் வந்தார்கள்? பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றது நல்ல காரியம்தான், நானும் கைதட்டினேன். ஆனால் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிற்கிற பஸ்ஸைக் கைக்குழந்தையோடு ஓடிப் பிடிக்கிறவளுக்கு டிக்கெட் இல்லாமல் இருந்தென்ன?

2027-ல் தலை எண்ண வருகிறார்களாம். வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீடு வீடாக அலைய வேண்டாம். காலை எட்டரைக்குப் பழங்காநத்தத்துக்கு வாருங்கள். எல்லோரும் அங்கேதான் நிற்போம்.