பத்திரிகை வாத்தியார்

தூத்துக்குடிப் பக்கம் கத்தோலிக்க வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கையோடு போய் நிற்கும் வாசல் பத்திரிகை வாத்தியாருடையது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஞாயிறு மறைக்கல்வியும் அவர்தான். அழைப்பிதழ் எழுதிக்கொடுக்கக் காசு வாங்கமாட்டார், உயிரை வாங்குவார்.

"தலைப்பு என்ன போட?"

"கல்யாணப் பத்திரிகைதான் சார்."

கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும். "கல்யாணம் ஊர்ல எல்லாருக்கும் நடக்குது. நமக்கு இது திருவருட்சாதனம்." தாத்தா காலத்துப் பத்திரிகை ஒன்றை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, 'மெய்விவாகம்' என்ற சொல்லைத் தடவிக் காட்டுவார். சேசு இயேசுவானார், பூசை திருப்பலியானது. பத்திரிகை உச்சியிலுள்ள 'இயேசு மரி சூசை'யில் மட்டும் சூசை இன்னும் யோசேப்பு ஆகவில்லை. வாத்தியார் உயிரோடு இருக்கும்வரை ஆகவும்மாட்டார்.

'அருட்தந்தை நடத்தி வைக்கும்' என்று எழுதிக்கொண்டு போனவர் தொலைந்தார். "சாமி எங்கய்யா நடத்தி வைக்காரு? அருட்சாதனத்தைக் குடுக்கிறது மாப்பிள்ளையும் பொண்ணும். சாமி, திருச்சபையோட சாட்சி." இறையியல் சுத்தம். ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு வேறு கவலை: மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சாமியார். அவர் பெயர் பங்குத்தந்தைக்கு மேலா, கீழா? ஆயர் வந்தால் 'மேதகு' என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். இரண்டு அருட்தந்தையர் என்றால்தான் தலைவலி. ஒருவருக்குத் 'தலைமை', மற்றவருக்கு 'மறையுரை' என்று பங்குபிரித்து அனுப்புவார்.

அடுத்து உறவினர் பட்டியல். பெண் வீடு பர்னாந்து, மாப்பிள்ளை வீடு பர்னாந்து, தாய்மாமன்மார் அத்தனை பேரும் பர்னாந்து. போர்ச்சுகீசியர் ஞானஸ்நானத்தோடு கொடுத்துவிட்டுப் போன பெயர். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பாதிப் பத்திரிகையிலேயே 'ந்து' தீர்ந்துவிடும் என்பார்.

நேரம், திங்கள் காலை 9.15. ஒன்பதுக்கு வைத்தால் என்ன என்றால், "சும்மாதான் சார்" என்று தரையைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பதோடு முடிவது வாத்தியாருக்கும் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பத்திரிகை. இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவது வழக்கம். மறைந்த தாத்தாவுக்குப் போடவேண்டியதை அச்சகத்தில் பக்கத்திலிருந்த ஆச்சிக்குப் போட்டுவிட்டார்கள். ஐந்நூறு பிரதி. ஆச்சியே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்.

"ஏ வாத்தியாரே, நான் எப்பய்யா மோட்சத்துக்குப் போனேன்?"

வாத்தியார் எழுந்து நின்றார். "மூணு நாள் பொறுங்க ஆச்சி. எழுப்பிருவோம்."

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு சிலுவையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலி போட்டு, வெற்றிலை இடித்தபடி ஆச்சி எண்ணிக்கொண்டிருந்தார்.